மலைமாட்டுக்காரரும் டாக்டரம்மாவும்: சிலமலைக்குப் பொருந்துகிற ஒரு காதல் கதை

பண்ணைக்காரர் ஒருவர். கால்நடை மருத்துவர் ஒருவர். பல வருஷத்துக்கு முன்னால் முறிந்துபோன காதல். ஊருக்குள் திடீரென்று ஓர் ஆபத்து. இந்த நாலும் சேர்ந்தால் அமெரிக்கக் காதல் நாவல்களில் ஒரு தனி அலமாரியே உண்டு.

அந்த அலமாரிக் கதைகளின் போக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஊரைவிட்டுப் போனவள் படித்து முடித்து மாட்டு டாக்டராகத் திரும்பி வருவாள். பழையவன் ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணையில் தனியாக இருப்பான் (தொப்பி கட்டாயம்). நடுராத்திரியில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கும். யாரோ வேலியை அறுத்து மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். துப்பாக்கி ஒருமுறையாவது வெடிக்கும். கடைசி அத்தியாயத்தில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். 1908-இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன், 1949-இல் கனடாவில் தொடங்கிய ஹார்லெக்வின் ஆகிய பதிப்பகங்கள் இப்படிச் சேர்த்துவைத்த ஜோடிகளுக்குக் கணக்கே கிடையாது. (1971-இல் இரண்டு பதிப்பகங்களும் ஒன்றாகிவிட்டன. அவையும் ஜோடிதான்.)

இந்தக் கதையை அப்படியே தூக்கிவந்து தேனி மாவட்டத்தில் இறக்கிவைத்தால் நிற்காது. ஆளின் பெயரை மாற்றி, பண்ணையை எஸ்டேட் பங்களா ஆக்கி, குதிரையைப் புல்லட் ஆக்கினாலும் நிற்காது. அதே சமயம், போடி என்கிற போடிநாயக்கனூர்ப் பக்கம் அந்த நாலு சரக்குக்கும் பஞ்சமில்லை. மாட்டுக்காரர் உண்டு, டாக்டர் உண்டு, ஆபத்து தாராளமாக உண்டு, பிரிந்தவர் கூடுவதும் உண்டு. எல்லாம் வேறு உருவத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

முதலில் இடம்.

சிலமலை, போடியிலிருந்து தேவாரம் போகும் வழியில் மலையடிவாரத்தை ஒட்டிய ஊர். மேற்கே நிமிர்ந்தால் மலைச்சுவர். அந்தச் சுவருக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் ஏலத்தோட்டங்களும். கீழே மானாவாரிக் காடு, கிணற்றுப் பாசனம், தென்னந்தோப்பு. விடிவதற்கு முன்பே தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே விளையும் ஏலக்காயில் ஒரு பெரும்பங்கு கீழே போடிக்கு வந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை போகும்.

இங்கேதான் கதை எழுதுகிறவர் முதலில் சறுக்குவார். கதாநாயகன் பணக்காரனாக இருக்க வேண்டும் என்று நினைத்து அவனை ஏலத்தோட்ட முதலாளி ஆக்குவார். ஏலத்தோட்டத்தில் மாட்டு மந்தைக்கு என்ன வேலை? ஏலச்செடி நிழலில், ஈரமண்ணில், அடிக்கிழங்கிலிருந்து கிளைத்து வளர்வது. பூவும் காயும் செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில் வரும். அதற்குள் ஒரு மந்தை புகுந்தால் அந்த வருஷ மகசூல் போச்சு. ஆக, பண்ணையார் இருக்கிற இடத்தில் மந்தை இல்லை. மந்தை இருக்கிற இடத்தில் பண்ணையார் இல்லை.

மந்தை இருப்பது அடிவாரத்தில். அதற்குச் சொந்தக்காரர் மலைமாட்டுக்காரர்.

தேனிப் பக்கத்து மலைமாடு உடம்பில் சிறியது, காலில் உறுதியானது. பாறைச் சரிவில் ஏறி இறங்கி, கிடைத்த புல்லையும் தழையையும் தின்று வளரும். கன்றுக்குப் போக மிஞ்சும் பால் சொற்பம். யாரும் இதைப் பாலுக்காக வளர்ப்பதில்லை. வருமானம் எருவில்தான் இருக்கிறது. தொழுவத்தில் சேரும் சாணம் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் விலைக்குப் போகும். அறுவடை முடிந்த வயலில் மந்தையை இரவில் அடைத்து வைப்பதற்குக் கிடை போடுதல் என்று பெயர். வயலுக்கு எரு, மாட்டுக்காரருக்குக் கூலி. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்ட பிறகு இருபோக நெல் கண்ட கம்பம் பள்ளத்தாக்கில் கிடைக்கு எப்போதும் கேட்பு உண்டு. கன்றுகளையும் விற்பார்கள். துடியான காளைக்கன்று என்றால் ஜல்லிக்கட்டுக்கு வாங்கிப்போக ஆள் வரும்.

பக்கத்து மாவட்டங்களின் புலிக்குளம் மாட்டுக்கும் இதே வாழ்க்கை முறைதான். சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளம் கிராமத்தின் பெயரைத் தாங்கிய அந்த இனத்தை அரசு தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. மானாமதுரையில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. கிடைமாடு என்றும் ஜல்லிக்கட்டு மாடு என்றும் அதற்கு வேறு பெயர்கள்.

மாட்டுக்கும் மனிதருக்கும் உள்ள உறவு எவ்வளவு ஆழமானது என்று பார்க்கக் கம்பத்துக்குப் போகலாம். அங்கே காப்பிலியர் சமூகத்தின் தம்பிரான் மாட்டுத் தொழுவம் இருக்கிறது. அந்த மந்தை சாமிக்குச் சொந்தம். அதற்கு ஒரு பட்டத்துக்காளை உண்டு. அது இறந்தால் அடுத்த காளையை மனிதர்கள் நியமிப்பதில்லை. மந்தையின் முன்னால் கரும்பை வைப்பார்கள். எந்தக் காளை வந்து எடுக்கிறதோ அதற்குப் பட்டம். 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் தொகுதியில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. மாட்டுப்பொங்கலன்று அந்தத் தொழுவத்தில் நிற்க இடம் கிடைக்காது.

எனவே கதாநாயகன் நிலப்பிரபு அல்ல. நூறு மாடு வைத்திருப்பவர், ஆனால் ஓர் ஏக்கர் மேய்ச்சல் நிலம்கூடச் சொந்தமில்லாதவர். அவருடைய முழுப் பிழைப்பும் காட்டுக்குள் போகக் கிடைக்கிற அனுமதியில் தொங்குகிறது.

அடுத்து டாக்டரம்மா.

கால்நடை மருத்துவப் படிப்பு உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்கு மாறியது. 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டிலேயே இந்தத் துறைக்கான முதல் பல்கலைக்கழகம். தேனி மாவட்டத்துக்கே இப்போது தப்புக்குண்டில் ஒரு கல்லூரி வந்துவிட்டது. சிலமலைப் பெண் ஒருத்தி இன்று மாட்டு டாக்டராக வேண்டுமானால் சென்னைக்கோ நாமக்கல்லுக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. (கதாசிரியர்களுக்கு இது நஷ்டம். பிரிவுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.)

படிப்பு முடிந்தால் அரசுத் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி, கால்நடை உதவி மருத்துவராக மருந்தகத்தில் சேரலாம். வேலை மாறுதலுக்கு உட்பட்டது. ஒரு மருந்தகத்தின் கீழ் பல கிராமங்கள் வரும். காலையில் மருந்தகத்தில் சினை ஊசி, காய்ச்சல், குடற்புழு நீக்கம். நடுவில் தடுப்பூசி முகாம். சாயங்காலம் கோப்பு. இது போக, வீட்டுக்கே வந்து பார்க்க 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு.

அமெரிக்கக் கதையில் மருத்துவர் தன் சொந்த மருத்துவமனையை மூடிவிட்டுக் காதலுக்காகக் கிராமத்துக்கு வருவார். இங்கே அந்தத் தியாகத்துக்கு வழியே இல்லை. மாறுதல் உத்தரவு வந்தால் வர வேண்டும், வந்தால் போக வேண்டும். பழைய காதலியைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்து நிறுத்தும் வேலையை விதிக்குப் பதிலாகத் துறைத் தலைமை பார்த்துக்கொள்ளும்.

இருவரும் மறுபடி எதிரெதிரே நிற்கும் முதல் காட்சியில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது கூப்பிடும் முறை. ஊர் வழக்கப்படி ஒரு பெண் அலுவலர், தன்னைவிட மூத்த மாட்டுக்காரரை "வாங்கண்ணே, மாட்டுக்கு என்ன?" என்றுதான் கேட்பார். (அந்த ஒரு சொல்லில் காதல் கதை முடிந்தது!) ஒரு காலத்தில் வாடி போடி என்று பேசியவர் இப்போது சுற்றி நாலு பேர் நிற்க, "டாக்டரம்மா, செவலை ரெண்டு நாளா இரை எடுக்கல" என்பார். டாக்டரம்மா "எத்தனை நாளா அசை போடல?" என்று மாட்டைப் பார்த்தபடி கேட்பார். முகத்தைப் பார்த்துப் பேச இரண்டு மூன்று மாடாவது நோய்வாய்ப்பட வேண்டியிருக்கும்.

இனி ஆபத்து. இதுதான் இந்தப் பக்கத்தில் கொழுத்த சரக்கு. வில்லன் தேவையே இல்லை.

அமெரிக்கக் கதையின் கட்டாயக் காட்சி நடுராத்திரிப் பிரசவம். அதற்கு மலைமாட்டைப் பிடிக்கக் கூடாது. மந்தைக் காளையோடு இயல்பாகச் சேர்ந்து சினை பிடிக்கிற மலைமாடு, பெரும்பாலும் யார் தயவுமின்றிக் காட்டிலேயே கன்று போட்டுவிட்டுச் சாயங்காலம் கன்றோடு தொழுவத்துக்கு வந்துவிடும். சிக்கல் வருவது சின்ன உடம்புப் பசுவுக்குப் பெரிய இனத்துச் சினை ஊசி போட்டு, வயிற்றில் கன்று பெருத்துவிடும்போது. சரியான நிலையில் முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் தலையும் முதலில் வரும். தலை மடங்கிக் கிடந்தாலோ ஒரு கால் பின்தங்கினாலோ, டாக்டர் கையை உள்ளே விட்டு, கன்றைப் பின்னுக்குத் தள்ளி, திருப்பி, நேராக்கி இழுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தோள் மரத்துப்போகும். பின்னால் நின்று கயிறு பிடிக்க ஒரு பலசாலி வேண்டும். (காதலருக்கு வேலை கிடைத்துவிட்டது.)

நேரத்தோடு ஓட்டப்பந்தயம் வேண்டுமா? சோளக்காடு போதும். இளஞ்சோளமும், மழையின்றி வாடி மறுபடி துளிர்த்த சோளக்குருத்தும் மாட்டின் வயிற்றில் போய் ஹைட்ரஜன் சயனைடை வெளிப்படுத்தும். மூச்சு வாங்கும், தள்ளாடும், விழும். சில நிமிஷத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் செத்துவிடும். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தையோசல்பேட்டும் நரம்பில் ஏற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு. ஒரு மந்தையே ஒரே காட்டில் புகுந்திருந்தால் எந்த மாட்டுக்கு முதல் ஊசி என்று முடிவெடுக்க வேண்டியது டாக்டர். அந்த முடிவை ஒப்புக்கொள்ள வேண்டியது மாட்டுக்காரர். இருவருக்கும் இடையில் நம்பிக்கை மிச்சமிருக்கிறதா என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது வெறிநோய். நாய்க்கு மட்டும் வருவது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். வெறிநாய் கடித்த மாட்டுக்கும் வரும். எச்சில் ஒழுகும், குரல் கரகரக்கும், விழுங்க முடியாமல் திணறும். பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரியே இருக்கும். பாசமுள்ள மாட்டுக்காரர் என்ன செய்வார்? வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பார். அங்கேதான் வினை. கையில் ஒரு கீறல் இருந்தால் எச்சில் வழியாகக் கிருமி ஏறிவிடும். அறிகுறி வந்த பிறகு மாட்டுக்கும் மருந்தில்லை, மனிதருக்கும் மருந்தில்லை. உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிஷம் கழுவி, தடுப்பூசியை எல்லாத் தவணையும் போட்டுக்கொண்டால் தப்பலாம். கால்நடை மருத்துவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது இதற்காகத்தான். டாக்டரம்மாவுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. பழைய காதலர் ஊசிக்குப் பயந்து "ஒண்ணும் ஆவாது" என்று ஒதுங்கினால் அவரை இழுத்துக்கொண்டு போகும் உரிமை யாருக்கு இருக்கிறது? மனைவி இல்லை. உறவு முறையும் இல்லை. துப்பாக்கிச் சண்டையைவிட இந்தக் கேள்வியில் கதை அதிகம்.

அடைப்பான் நோய் இன்னொன்று. நேற்று நன்றாக மேய்ந்த மாடு இன்று செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம் கசியும். இப்படிச் செத்த மாட்டை அறுக்கவே கூடாது, பிரேதப் பரிசோதனைக்குக்கூட. உடம்பைத் திறந்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதுதான் வழி. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 2009-இன்படி இதைத் தெரிவிக்க வேண்டிய கடமையும் உண்டு. தோலுக்கும் கறிக்கும் விலை பேசி முடித்த சொந்தக்காரரிடம் "தொடாதீர்கள்" என்று சொல்வது டாக்டரின் வேலை. பழைய காதலரிடம் அதைச் சொல்ல வேண்டிவந்தால் எப்படி இருக்கும் என்பதை எழுதுகிறவர்கள் யோசிக்கலாம்.

கன்று வீச்சு நோய் மெல்ல வாட்டும் வகை. பசு நிறைமாதத்துக்கு முன்பே கன்றை வீசிவிடும். அந்த நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுத்தவருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, மாதக்கணக்கில். தடுப்பூசி கிடேரிக் கன்றுக்கு 4 மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள் போட வேண்டும். அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி. மாடு உதைத்து ஊசி டாக்டரின் விரலில் ஏறினால், நோய் அவருக்கே வரலாம்.

காட்டு விலங்குகளின் கணக்கு தனி. சிறுத்தை, செந்நாய், காட்டுமாடு எல்லாம் இந்த மலையில் உண்டு. யானைக்கு 2023 ஒன்றே போதும். போடிக்கு மேலே சின்னக்கானல் பகுதியில் சுற்றிய அரிக்கொம்பன் என்ற யானையை அந்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள், மே 27 அன்று, அது கம்பம் நகரத் தெருவுக்குள் ஓடிவந்தது. ஒருவர் உயிர் போனது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. மயக்க மருந்து அளவைக் கணக்கிட்டு, யானையின் மூச்சையும் உடம்புச் சூட்டையும் பார்த்துக்கொண்டு கூடவே நின்றவர்கள் கால்நடை மருத்துவர்கள். அளவு கூடினால் யானை போகும். குறைந்தால் பக்கத்தில் நிற்பவர் போவார்.

தீயும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் வந்தவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச் மாதம் மலையில் புல் காய்ந்து கிடக்கும். கதையில் தீ வேண்டுமானால் மாதம் பார்த்து வைக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் காட்டைக் கொளுத்தினால் போடிக்காரர்கள் சிரிப்பார்கள்.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது: மேய்ச்சலே போய்விடுவது.

அமெரிக்க மேற்கில் திறந்தவெளி மேய்ச்சலை முடித்துவைத்தது முள்கம்பி. ஜோசப் கிளிடன் 1874-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சில பத்தாண்டுகளில் மந்தைகளின் நெடும்பாதைகள் அடைபட்டன. தேனியில் முள்கம்பிக்குப் பதிலாகக் காட்டின் எல்லைக்கோடு. மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகள் 2021-இல் புலிகள் காப்பகம் ஆயின. 2022 மார்ச் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் மேகமலை வழக்கொன்றில், தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதே மாதத்திலேயே அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. மற்ற காடுகளில் வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாக ஏற்றிருக்கிறது. ஆனால் பழங்குடியல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். மாட்டுக்காரர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? 2025 ஆகஸ்டில் போடி மலையடிவாரத்தில் மலைமாடுகளை ஓட்டிவந்து நடந்த போராட்டத்தின் வேர் இதுதான்.

வனத்துறையின் தரப்பும் வெறும் பிடிவாதமல்ல. மந்தை போகும் இடத்தில் கோமாரியும் போகும். காட்டுமாட்டுக்கும் மானுக்கும் அது தொற்றும். இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் நிற்பவர் டாக்டரம்மா. மந்தைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று சான்று எழுதுகிற பேனா அவர் கையில். போடாத மாட்டுக்குப் போட்டதாக எழுதச் சொல்லிப் பழைய காதலர் வந்து நின்றால்? இதைவிடக் கடுமையான காதல் சோதனையை எந்த ஹார்லெக்வினும் வைக்கவில்லை.

காதலும் மாடும் ஆபத்தும் ஒன்றாக நிற்பது தமிழுக்குப் புதிதல்ல. கலித்தொகையின் முல்லைக்கலியில் 17 பாடல்கள். சோழன் நல்லுருத்திரன் பாடியவை. ஏறு தழுவிய ஆயனுக்கே ஆயர்மகள் என்பது அவற்றில் வரும் வழக்கம். கொம்புக்கு அஞ்சியவனுக்குப் பெண் இல்லை. அங்கே ஆபத்து காதலுக்கு முன்னால் நிற்கும் வாசல். அமெரிக்கக் கதையிலோ ஆபத்து முறிந்த காதலை ஒட்டவைக்கும் பசை. வாடிவாசலில் இன்றும் கால்நடை மருத்துவர் நிற்கிறார். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்து, 2017-இல் மாநிலச் சட்டத்தால் திரும்பி, 2023 மே 18 அன்று அதே உச்ச நீதிமன்றத்தால் செல்லும் எனப்பட்ட ஜல்லிக்கட்டில், மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் காளையை அவிழ்க்க முடியாது. தேனி மாவட்டத்துப் பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

ஆனால் மறுவாய்ப்புக் காதலுக்கு ஏறு தழுவுதல் உதவாது. ஒருமுறை பிரிந்தவர்களுக்கு வீரம் ஏற்கெனவே தெரியும். அது போதவில்லை என்றுதானே பிரிந்தார்கள்? முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரும்வரை ஆற்றியிருப்பது. மருதத்தில் ஊடலைத் தீர்க்க வாயில்கள் என்று தூதுபோகும் ஆட்கள் இருந்தார்கள்: தோழி, பாணன், விறலி, இன்னும் பலர். பிரிந்தவரைச் சேர்த்துவைப்பது இருவர் மட்டும் செய்கிற காரியமல்ல என்று பழைய இலக்கணத்துக்குத் தெரிந்திருந்தது. சிலமலையில் அந்த வேலையை இன்றைக்கும் யாராவது ஒரு சித்தியோ தாய்மாமனோ செய்கிறார்கள்.

மறுமணமும் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. மதுரை, தேனி வட்டாரத்தின் பல உழைக்கும் சாதிகளில் அறுத்துக்கட்டுதல் என்ற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஒத்துவராத மணத்தை ஊர் முன்னால் தீர்த்துக்கொண்டு, பெண்ணும் ஆணும் வேறு மணம் செய்துகொள்ளலாம். பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1949-50-இல் பிறமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1957-இல் வெளியிட்ட நூலில் மணமுறிவும் மறுமணமும் அங்கே எவ்வளவு இயல்பானவை என்று எழுதினார். விதவை மறுமணச் சட்டம் 1856-இல் வந்தது மேல்தட்டுக்குத்தான் செய்தி. இன்றைய சட்டத்தில் இருவரும் மனமொத்துப் பிரிய, ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப்போட்ட பின் ஆறு மாதக் காத்திருப்பு. தேவைப்பட்டால் அதை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிந்த இருவரே மறுபடி ஒருவரையொருவர் மணக்கவும் தடையில்லை. கணவரை இழந்தவரின் மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசின் உதவியும் உண்டு.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் தடவை அந்த இருவரும் ஏன் பிரிந்தார்கள்? அமெரிக்கக் கதையில் ஒரு தவறான புரிதல், கைக்கு வராத ஒரு கடிதம். இங்கே பத்துக்கு எட்டுக் கதையில் காரணம் சாதி என்று வைத்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். காதலுக்கு வருகிற ஆபத்துகளில் யானையும் தீயும்கூட இதற்குப் பின்னால்தான். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவரின் மணத்தில் தலையிட எந்தப் பஞ்சாயத்துக்கும் உரிமையில்லை என்றும், மிரட்டலுக்கு உள்ளாகும் ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அரசு வேலையும் நாற்பதை நெருங்கும் வயதும் சேர்ந்தால் டாக்டரம்மாவுக்கு இருபது வயதில் இல்லாத பலம் வந்திருக்கும். மறுவாய்ப்பு இங்கே சாத்தியமாவதற்கு உண்மையான காரணம் அதுவாகத்தான் இருக்க முடியும்.

கிராமத்து மருத்துவர் காதலை உலகெங்கும் பிரபலமாக்கியவர் ஜேம்ஸ் ஹெரியட். ஆல்ஃப் வைட் என்பது சொந்தப் பெயர். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் தர்ஸ்க் ஊரில் 1940 முதல் மாட்டு டாக்டர். அவர் புத்தகங்களில் டாக்டர் காதலிப்பது ஒரு பண்ணைக்காரரின் மகளை. நிஜத்தில் அவர் 1941-இல் மணந்த ஜோன், அலுவலகச் செயலர் வேலை பார்த்தவர். வாசகருக்காக மனைவியையே பண்ணைக்கு மாற்றிவிட்டார். மாட்டு வைத்தியத்தில் மட்டும் அந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எழுதிய பிரசவங்களில் உண்மையாகவே தோள் வலிக்கும். புத்தகம் நின்றது அதனால்தான்.

கடைசியாக, சேரும் இடம். அமெரிக்கக் கதை முத்தத்தில் முடியும், ஏனென்றால் பண்ணை நகராது. சிலமலைக் கதை அங்கே முடிய முடியாது. மந்தை அறுவடைக் காலத்தில் கிடைக்குப் பள்ளத்தாக்கில் இறங்கும், மழை பிடித்தால் அடிவாரம் ஏறும். டாக்டரம்மாவுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறுதல் வரும். இருவரில் ஒருவர் எப்போதும் வேறு ஊரில் இருப்பார். "வேலையை விட்டுரு, நான் பாத்துக்கிறேன்" என்று மாட்டுக்காரர் சொன்னால், முதல் தடவை முறிந்த அதே இடத்தில் இரண்டாம் தடவையும் முறியும். "மாட்டை வித்துட்டு டவுனுக்கு வாங்க" என்று டாக்டரம்மா சொன்னாலும் கதை அதேதான். யார் எந்த மாதம் எங்கே இருப்பது, தொழுவத்தை யார் பார்ப்பது, சான்றிதழ் விஷயத்தில் வீட்டு உறவு குறுக்கே வராது என்பதை முன்கூட்டியே பேசி முடித்த இருவர்தான் இந்த மலையடிவாரத்தில் சேர்ந்து நிலைக்க முடியும்.

எழுதப் போகிறவர்களுக்கு இவ்வளவு சரக்கு போதும். எழுதாமல் மாடு மட்டும் வளர்ப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் கையை விடாதீர்கள், முதலில் 1962-க்குப் போன் போடுங்கள்.